மூத்த வீரரைத் தக்கவைப்பது எப்படி? என்பிஏ ஃப்ரீ ஏஜென்சிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒவ்வொரு ஜூலையிலும் இதே கேள்வி வருகிறது. பத்து வருஷம் ஒரே ஜெர்சியில் ஆடியவரை எப்படி விட்டார்கள்? இன்னும் கொஞ்சம் பணம் போட்டிருந்தால் இருந்திருப்பாரே? அமெரிக்காவின் கூடைப்பந்து லீக்கான என்பிஏவைப் புதிதாகப் பார்க்க ஆரம்பித்தவர்களுக்கு, ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் அணி தேடும் ஃப்ரீ ஏஜென்சி ஒரு ஏலம் மாதிரித்தான் தெரியும், அதிகம் கேட்டவருக்கு வீரர். மூத்த வீரர்கள் விஷயத்தில் அப்படி நடப்பது குறைவு. அணியிடம் அவர்மேல் என்ன உரிமை இருக்கிறது, சம்பளப் பட்டியலில் எவ்வளவு இடம் இருக்கிறது, முதல் பேச்சில் அவரிடம் என்ன விலை சொன்னார்கள், இந்த மூன்றும் சேர்ந்து ஜூன் 30க்கு முன்பே விஷயத்தை முடித்துவிடும். வெளியிலிருந்து வரும் விலை பெரும்பாலும் கடைசியில் வந்து முத்திரை குத்துகிறது, அவ்வளவுதான்.

அதனால் உங்கள் அணியின் ஜெனரல் மேனேஜர் நாற்காலியில் நீங்களே உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்களோடு போலி ஆஃப்சீசன் நடத்துகிறவர்களுக்கும், வீடியோ கேமில் அணியை நடத்துகிறவர்களுக்கும், சும்மா செய்தி படித்துப் புரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கும் வரிசை இதுதான்.

முதல் வேலை: கையில் என்ன உரிமை இருக்கிறது என்று பாருங்கள்

என்பிஏவில் சம்பள உச்சவரம்பு உண்டு. ஆனால் சொந்த வீரரை மறுபடி ஒப்பந்தம் செய்ய அதைத் தாண்டலாம் என்று விதிவிலக்கும் உண்டு. அதற்கு பாஸ்டனின் பழைய நட்சத்திரம் லாரி பேர்ட் பெயரால் பேர்ட் உரிமை என்று பெயர். இதில் மூன்று படி.

ஒரு வீரர் ஃப்ரீ ஏஜென்டாக அணி மாறாமல் தொடர்ந்து 3 சீசன் ஆடியிருந்தால் முழு பேர்ட் உரிமை. அவருக்கு அனுமதிக்கப்பட்ட உச்சபட்சச் சம்பளம் வரை, 5 ஆண்டு வரை, ஆண்டுக்கு 8 சதவீத உயர்வோடு கொடுக்கலாம். 2 சீசன் என்றால் ஆரம்ப பேர்ட் உரிமை, பெரும்பாலும் பழைய சம்பளத்தில் 175 சதவீதம் வரைதான். ஒரே ஒரு சீசன் என்றால் பழைய சம்பளத்தில் 120 சதவீதம், அதோடு சரி. நடுவில் டிரேட் ஆகி, அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொண்டதில், வந்திருந்தால் பரவாயில்லை, கணக்கு வீரரோடு சேர்ந்து வரும்.

இதைப் பார்க்காமல் திட்டுகிறவர்கள்தான் அதிகம். 2023இல் டென்வர் முதல்முறையாகச் சாம்பியன் ஆனதும் புரூஸ் பிரவுன் போய்விட்டார், டென்வர் கஞ்சத்தனம் செய்தது என்று பலரும் கோபப்பட்டார்கள். அவர் அங்கே ஒரே ஒரு சீசன் ஆடியவர். டென்வரால் கொடுக்க முடிந்த அதிகபட்சம் ஆண்டுக்குச் சுமார் 78 லட்சம் டாலர். இண்டியானா 2 ஆண்டுக்கு 4.5 கோடி டாலர் கொடுத்தது. அதற்குமேல் அங்கே பேச என்ன இருக்கிறது? அடுத்த வருஷம் நியூயார்க்குக்கும் இதே கதை. ஐசையா ஹார்டன்ஸ்டைனுக்கு 4 ஆண்டுக்கு 7.25 கோடிக்குமேல் தர விதி இடம் கொடுக்கவில்லை, ஓக்லஹோமா சிட்டி 3 ஆண்டுக்கே 8.7 கோடி கொடுத்து அள்ளிக்கொண்டு போனது. 2022இல் 37 வயது பி.ஜே. டக்கர் மயாமியிலிருந்து பிலடெல்ஃபியாவுக்கு 3 ஆண்டு, 3.3 கோடி டாலருக்குப் போனதும் இப்படித்தான். அவரும் மயாமியில் ஒரு சீசன்தான் ஆடியிருந்தார்.

முழு உரிமை இருந்தால் நிலைமை தலைகீழ். முதல் வருஷச் சம்பளம் 2 கோடி டாலர் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். உயர்வு எப்போதும் முதல் வருஷத் தொகையின்மேல்தான். வெளி அணி அதிகபட்சம் 4 ஆண்டு, 5 சதவீத உயர்வு: 2, 2.1, 2.2, 2.3, மொத்தம் 8.6 கோடி. சொந்த அணி அதே 4 ஆண்டுக்கு 8.96 கோடி தரலாம், ஐந்தாம் ஆண்டும் சேர்த்தால் 11.6 கோடி. அதாவது ஒரே தொகையில் ஆரம்பித்தாலும் வீட்டு அணிக்குத்தான் கை ஓங்கியிருக்கிறது. இவ்வளவு வசதி இருந்தும் ஒருவரை இழந்தால் அதற்குக் காரணம் விதி கிடையாது, அணியின் முடிவு.

பிப்ரவரியிலேயே ஒரு பதில் வேண்டும்

டிரேட் கெடு முடிவது பிப்ரவரியில். அதற்கு முன்பே உங்களை நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: இந்தக் கோடையில் இவர் கேட்கப்போகும் விலையை நான் கொடுப்பேனா? கொடுப்பேன் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கமாட்டேன் என்று மனசுக்குத் தெரிந்தால் அப்போதே டிரேட் செய்து எதையாவது வாங்கிக்கொள்ளுங்கள். பார்க்கலாம், பேசிக்கொள்ளலாம் என்பது மட்டும் பதில் ஆகாது.

டொராண்டோவை எடுத்துக்கொள்வோம். 2023 பிப்ரவரியில் ஃபிரெட் வான்விலீட்டை வைத்துக்கொண்டார்கள். ஜூலையில் ஹூஸ்டன் 3 ஆண்டுக்கு 12.85 கோடி டாலரோடு வந்தது, சாம்பியன்ஷிப் ஜெயித்துக் கொடுத்த பாயிண்ட் கார்டு கிளம்பிவிட்டார், டொராண்டோவுக்குப் பதிலுக்கு ஒன்றும் வரவில்லை. அடுத்த குளிர்காலத்தில் அதே நிர்வாகம் ஓஜி அனுனோபியையும் பாஸ்கல் சியாகமையும் கெடுவுக்கு முன்பே டிரேட் செய்தது. சியாகமை வாங்கிய இண்டியானாவுக்கு அவருடைய பேர்ட் உரிமையும் கூடவே வந்தது. 2024 கோடையில் சந்தை திறப்பதற்கு முன்பே 4 ஆண்டு, சுமார் 18.9 கோடி டாலருக்குப் பேசி முடித்துவிட்டார்கள். ஆறே மாத இடைவெளியில் இரண்டு அணிகளும் தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து செய்த காரியம் அது.

இன்னொரு வழி எக்ஸ்டென்ஷன், அதாவது ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே நீட்டிப்பது. லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2023 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு இதில் பழைய சம்பளத்தின் 140 சதவீதத்திலிருந்து தொடங்கலாம், முன்பு 120 தான். வயதான வீரர்களுக்கு இது மிகவும் ஏற்றது. முப்பதைத் தாண்டியவருக்கு ஒரு காயம் வந்தால் சந்தை விலை சரிந்துவிடும் என்ற பயம் இருக்கும், அந்தப் பயத்தை நீங்கள் போக்கினால் விலையில் கொஞ்சம் இறங்கி வருவார். அல் ஹார்ஃபர்ட் 2022இல் பாஸ்டனோடு சந்தைக்கே போகாமல் 2 ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலருக்கு நீட்டித்துக்கொண்டு, 2024இல் 38 வயதில் முதல் சாம்பியன்ஷிப் ஜெயித்தார்.

அப்புறம் கணக்கு

2025-26க்கு உச்சவரம்பு 15.46 கோடி டாலர், அதிகம் செலவழிக்கும் அணி கட்டும் ஆடம்பர வரி தொடங்குவது 18.79 கோடியில், அதற்கும் மேலே ஏப்ரன் என்று இரண்டு எல்லைகள்: முதல் ஏப்ரன் 19.59 கோடி, இரண்டாவது ஏப்ரன் 20.78 கோடி. இரண்டாவதைத் தாண்டிய அணிக்குக் கை கால் இரண்டையும் கட்டிவிடுகிறார்கள்: மிட் லெவல் விதிவிலக்கு (உச்சவரம்புக்குமேல் இருந்தும் வெளியாளை எடுக்க உதவும் குறிப்பிட்ட தொகை) கிடையாது, டிரேடில் இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒருவரை வாங்க முடியாது, பணம் அனுப்ப முடியாது, ஏழு வருஷம் தள்ளி வரும் முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பு (புது இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) உறைந்துபோகும், அதை டிரேட் செய்ய முடியாது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அந்த எல்லைக்கு மேலே இருந்தாலும் சொந்த வீரரைப் பேர்ட் உரிமையில் வைத்துக்கொள்ளத் தடை இல்லை. முடியாது என்று ஒரு நிர்வாகம் சொன்னால், வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். 2025 கோடையில் பாஸ்டன் அப்படி முடிவெடுத்த அணி. ஜ்ரூ ஹாலிடேவையும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸையும் டிரேட் செய்தார்கள், ஹார்ஃபர்ட் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார். வரிச்சுமையைப் பார்த்தால் அந்த முடிவில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன், ஆனாலும் அது முடிவுதான்.

ஒப்பந்தம் முடிந்த வீரருக்கும் உங்கள் பட்டியலில் ஒரு இடம் பிடித்துவைக்கப்படும், அதற்கு கேப் ஹோல்ட் என்று பெயர். முழு பேர்ட் உரிமை உள்ளவர் சராசரிக்குமேல் சம்பளம் வாங்கியவர் என்றால் பழைய சம்பளத்தில் 150 சதவீதம், குறைவாக வாங்கியவர் என்றால் 190 சதவீதம். வெளியிலிருந்து ஒருவரை வாங்க இடம் வேண்டுமானால் அந்த உரிமையைத் துறக்க வேண்டும், துறந்தால் போனதுதான். ஹோல்ட் சிறியதாகவும் புதுச் சம்பளம் பெரியதாகவும் இருக்கும் வீரரிடம், வெளியாளை முதலில் கையெழுத்துப் போட வைக்கிறேன், உங்களுக்குக் கடைசியில் என்று கேட்கலாம். அப்படிக் கேட்க அவரோடு நல்ல உறவு இருக்க வேண்டும்.

இவர் போனால் யார் வருவார்?

புதியவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது. ஒரு சென்டருடைய சந்தை விலை 2 கோடி, அவர் 2.4 கோடி கேட்கிறார், வேண்டாம் என்று விட்டுவிட்டு அந்தப் பணத்தில் வேறொருவரை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்போம். வாங்க முடியாது. உச்சவரம்புக்குமேல் இருக்கும் அணிக்கு அந்தப் பணம் திரும்ப வராது, அந்த உரிமை அந்த ஒருவருக்கு மட்டும்தான். அவர் போய்விட்டால் உங்கள் கையில் மிஞ்சுவது மிட் லெவல் விதிவிலக்கு, 2025-26இல் வரி கட்டாத அணிக்கு சுமார் 1.41 கோடி, வரி கட்டும் அணிக்கு சுமார் 57 லட்சம். ஆகவே அவர் சந்தையில் எவ்வளவு பெறுவார் என்று மட்டும் பார்த்தால் போதாது. அவருக்கும், 57 லட்சத்துக்குக் கிடைக்கும் ஆளுக்கும் நடுவே எத்தனை வெற்றி வித்தியாசம் என்று பாருங்கள்.

மைல்ஸ் டர்னர் விவகாரம் இதற்கு மிக அண்மைய பாடம். பத்து சீசன் இண்டியானாவில் ஆடியவர், 2025 இறுதிப் போட்டி ஏழாவது ஆட்டம் வரை போன அணியின் சென்டர், முழு பேர்ட் உரிமையும் இருந்தது. அந்தக் கோடையில் கையில் இடம் வைத்திருந்த அணிகள் மிகக் குறைவு, அதனால் பெரிய போட்டி வராது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஜூலை 1ஆம் தேதி மில்வாக்கி யாரும் எதிர்பார்க்காததைச் செய்தது. டேமியன் லிலார்டை விடுவித்து, அவருக்குத் தர வேண்டிய சுமார் 11.3 கோடி டாலரைப் பல வருஷங்களுக்குப் பரப்பி, கிடைத்த இடத்தில் டர்னருக்கு 4 ஆண்டு, சுமார் 10.7 கோடி டாலர் கொடுத்தது. அதே டிவிஷனில் இருக்கும் எதிரி அணி! இண்டியானா பக்கம் டைரஸ் ஹாலிபர்ட்டனின் காயம், வரிக் கவலை என்று காரணங்கள் இருந்தன. ஆனால் போட்டியே இல்லை என்ற கணக்கில் பேரத்தை இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம். ஒரு வீரரை ஒரு அணிக்கு மிகவும் பிடித்துவிட்டால் இடத்தை எப்படியாவது உண்டாக்கிவிடுவார்கள்.

முதல் விலை

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பிரிவுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

2024 முதல், இறுதிப் போட்டி முடிந்த மறுநாளே சொந்த ஃப்ரீ ஏஜென்ட்களோடு அணி பேசலாம். மற்ற அணிகள் நியூயார்க் நேரப்படி ஜூன் 30 மாலை 6 மணி வரை, நம் நேரப்படி ஜூலை 1 அதிகாலை 3.30 வரை, காத்திருக்க வேண்டும். ஒரு வாரமோ பத்து நாளோ உங்களுக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது. இந்த நாட்களில் சொல்லும் முதல் தொகைதான் வீரர் மனதில் தங்கும். பேரத்துக்காகக் குறைத்துச் சொன்னேன், பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன் என்பதெல்லாம் இளைஞரிடம் எடுபடலாம். பன்னிரண்டு வருஷம் உங்களுக்காக முழங்காலைத் தேய்த்தவரிடம் எடுபடாது. அவர் அந்தத் தொகையைத் தன்னைப் பற்றிய உங்கள் மதிப்பீடாகத்தான் கேட்பார்.

பால் ஜார்ஜ் 2024இல் கிளிப்பர்ஸை விட்டுப் போன பிறகு தன் பாட்காஸ்டில் சொன்ன கதை இதுதான். முதலில் அவருக்கு வந்தது 2 ஆண்டு, 6 கோடி டாலர். பிறகு ஏறி ஏறி 3 ஆண்டு, 15 கோடி வரை வந்தது, ஆனால் அதற்குள் அவர் மனம் விட்டுப்போயிருந்தது. கடைசியில் பிலடெல்ஃபியாவிடம் 4 ஆண்டு, 21.2 கோடிக்குக் கையெழுத்துப் போட்டார்.

கிளே தாம்சன் கதையில் பணம் இன்னும் பின்னால் போய்விடுகிறது. கோல்டன் ஸ்டேட்டில் 13 வருஷம், 4 சாம்பியன்ஷிப். 2023-24 சீசனுக்கு முன்பு 2 ஆண்டு, சுமார் 4.8 கோடி டாலர் நீட்டிப்பு பேசப்பட்டதாகச் செய்தி, உடன்பாடு வரவில்லை. அந்த சீசனில் பெஞ்சிலிருந்து ஆட வைத்தார்கள். ஜூன் வந்ததும் அணி பால் ஜார்ஜை டிரேடில் வாங்கும் பேச்சில் மும்முரமாக இருந்தது, இவர் காத்திருந்தார். டல்லாஸ் கொடுத்தது 3 ஆண்டு, 5 கோடி. ஆண்டுக்கணக்கில் பார்த்தால் பழைய வீட்டின் பழைய விலையைவிடக் குறைவு. இருந்தும் போனார். டெக்ஸஸில் மாநில வருமான வரி இல்லை, மூன்றாவது ஆண்டு இருக்கிறது, எல்லாம் சரிதான். ஆனால் வரிசையில் கடைசியாக நிற்க வைக்கப்பட்டவர் வேறு வீட்டில் முதல் ஆளாக அழைக்கப்படும்போது போகத்தான் செய்வார்.

டுவைன் வேடும் மயாமியும் பிரிந்தது எனக்கு இன்னும் வலிக்கும் ஒன்று. 2010இல் லெப்ரான் ஜேம்ஸும் கிறிஸ் பாஷும் வருவதற்காக வேட் தன் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார். 2014இல் கையிலிருந்த சுமார் 4.2 கோடி டாலர் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்து அணிக்கு இடம் கொடுத்தார். 2016இல் உச்சவரம்பு 7 கோடியிலிருந்து 9.4 கோடிக்குத் தாவியது, லீக் முழுக்கப் பணம் கொட்டியது, மயாமி ஹசன் வைட்சைடுக்கு 9.8 கோடி கொடுத்தது. வேடுக்கு வந்த கடைசி விலை 2 ஆண்டு, சுமார் 4 கோடி. சொந்த ஊரான சிகாகோ 4.7 கோடி கொடுத்தது, போய்விட்டார். வித்தியாசம் 70 லட்சம் டாலர். மூன்று கோப்பை கொண்டுவந்தவருக்கு அந்தத் தொகை ஒரு பொருட்டா? மயாமியின் தலைவர் பாட் ரைலியே பின்னர், தான் நேரடியாக நடுவில் நின்று பேசாதது பற்றி வருத்தம் தெரிவித்தார்.

இதற்கு நேர் எதிர் டல்லாஸில் டிர்க் நோவிட்ஸ்கி. 2014இல் லேக்கர்ஸும் ஹூஸ்டனும் உச்சபட்சம் கொடுக்கத் தயாராக இருந்தபோது, அவர் 3 ஆண்டுக்கு 2.5 கோடி டாலருக்கு இருந்துகொண்டார். அந்த விட்டுக்கொடுப்பை அப்போதைய உரிமையாளர் மார்க் கியூபன் மறக்கவில்லை. 2016இல் 38 வயது வீரருக்கு 2 ஆண்டு, 5 கோடி கொடுத்தார். மறு வருஷமே நோவிட்ஸ்கியின் சம்மதத்தோடு இரண்டாவது ஆண்டின் 2.5 கோடியை விட்டுவிட்டு, ஆண்டுக்கு 50 லட்சத்துக்குப் புது ஒப்பந்தம் போட்டார்கள். 21 சீசன், ஒரே அணி. இத்தனைக்கும் இதே டல்லாஸ் 2004இல் ஸ்டீவ் நாஷுக்கு 30 வயதாகிவிட்டது என்று தயங்கிய அணி. பீனிக்ஸின் பெரிய விலையோடு நாஷ் திரும்பி வந்து கேட்டபோதும் சமன் செய்யவில்லை. அவர் போய் 2005, 2006 இரண்டு வருஷமும் எம்விபி, அதாவது லீக்கின் மிகச் சிறந்த வீரர், ஆனார்.

சரி, நடைமுறையில் என்ன செய்யலாம்? முதல் சந்திப்புக்குப் போகுமுன் அந்த வீரர் எப்போது, எவ்வளவு விட்டுக்கொடுத்தார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஏஜென்டிடம் பேசுவதற்கு முன் வீரரிடம் உரிமையாளரோ பயிற்சியாளரோ நேரில் பேசட்டும், பணத்தைப் பற்றி அல்ல, அடுத்த வருஷம் எத்தனை நிமிஷம், தொடக்கத்திலா பெஞ்சிலா, கடைசி ஐந்து நிமிஷத்தில் களத்தில் இருப்பாரா என்பதைப் பற்றி. பிடிக்காத பதிலாக இருந்தாலும் உண்மையைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு முதல் தொகையை, உங்கள் கடைசித் தொகைக்குப் பக்கத்திலேயே வைத்துச் சொல்லுங்கள். பத்து சதவீதம் மிச்சம் பிடிக்கலாம் என்ற ஆசையில் முழு வீரரையும் இழந்த அணிகள் நிறைய.

ஒப்பந்தத்தை எப்படி வடிவமைப்பது

தொகை ஒத்துவராதபோது வடிவம் உதவும். டிரேமண்ட் கிரீன் 2023இல் ஒரே வருஷத்துக்கு 2.76 கோடி தரும் ஆப்ஷனை, அதாவது பழைய ஒப்பந்தத்தைத் தொடரும் உரிமையை, விட்டுவிட்டு 4 ஆண்டுக்கு 10 கோடி வாங்கிக்கொண்டார். அவருக்கு நீண்ட பாதுகாப்பு, அணிக்கு ஆண்டுச்சுமை குறைவு. 33 வயதில் இருப்பவரிடம் ஆண்டுகளை நீட்டி விலையைக் குறைப்பது பழைய, நல்ல வழி.

ஆனால் 38 வயது விதி இருக்கிறது. நான்கோ அதற்கு மேலோ ஆண்டுகள் உள்ள ஒப்பந்தம் வீரரின் 38ஆம் பிறந்தநாளைத் தாண்டினால், பின் வருஷச் சம்பளத்தின் பாரத்தை முன் வருஷங்களில் ஏற்றிக் கணக்கிடுவார்கள். அதனால் 35க்கு மேற்பட்டவருக்குப் பெரும்பாலும் 3 ஆண்டுதான் பேச்சு.

பணம் இல்லாமல் கொடுக்கக்கூடியவையும் உண்டு. கடைசி வருஷத்தில் வீரர் ஆப்ஷன், டிரேட் செய்தால் கிடைக்கும் 15 சதவீதம் வரை டிரேட் போனஸ், அப்புறம் தன் சம்மதம் இல்லாமல் டிரேட் செய்யக்கூடாது என்ற டிரேட் தடை உரிமை. கடைசியாகச் சொன்னது லீக்கில் 8 வருஷமும் அந்த அணியில் 4 வருஷமும் ஆடியவருக்கு மட்டும். 2024இல் லெப்ரான் ஜேம்ஸ் இதை வாங்கிக்கொண்டு, சம்பளத்தில் உச்சபட்சத்தைவிடச் சற்றுக் குறைத்துக்கொண்டார், லேக்கர்ஸ் இரண்டாவது ஏப்ரனுக்குக் கீழே மயிரிழையில் நின்றது. குடும்பம் ஒரே ஊரில் இருக்க வேண்டும், பிள்ளைகள் பள்ளி மாறக்கூடாது என்று நினைக்கும் மூத்த வீரருக்கு இது பல லட்சம் டாலர் பெறும்.

போட்டி விலை வந்துவிட்டது, இப்போது?

ஜூலை 1 அதிகாலையில் போன் வருகிறது. முதலில் அந்த விலை உண்மையா என்று பாருங்கள். அந்த அணியிடம் உண்மையில் இடம் இருக்கிறதா, மிட் லெவலா, சைன் அண்ட் டிரேடா, அதாவது நீங்கள் ஒப்பந்தம் செய்து அவர்களுக்கு டிரேட் செய்வதா? சைன் அண்ட் டிரேட் என்றால் உங்கள் சம்மதம் இல்லாமல் நடக்காது, பதிலுக்கு ஏதாவது கேட்கலாம். உண்மையான இடம் என்றால் அன்றே பதில் சொல்லுங்கள். 2016இல் மானு ஜினோபிலிக்கு 38 வயது, முந்தைய சீசன் சம்பளம் 28 லட்சம் டாலர்தான். பிலடெல்ஃபியா பெரிய தொகையோடு வந்தது, அங்கே பயிற்சியாளர் பிரெட் பிரவுன், சான் அண்டோனியோவில் அவரோடு பல வருஷம் இருந்தவர். சான் அண்டோனியோ ஒரு வருஷத்துக்கு 1.4 கோடி டாலர் கொடுத்தது. பிலடெல்ஃபியா சொன்ன அளவை எட்டவில்லை, ஆனால் வீட்டை விட்டுப் போக மனமில்லாதவர் தங்குவதற்கு அது போதுமானதாக இருந்தது. அவர் வேறு ஜெர்சி போடாமலேயே 2018இல் ஓய்வு பெற்றார்.

வாய்வார்த்தை கொடுத்துவிட்டால்கூட எல்லாம் முடிந்துவிடாது. ஜூலை ஆரம்பத்தில் சில நாட்கள் பெரும்பாலான ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட முடியாது, இப்போது அந்தத் தடை ஜூலை 6 வரை. 2015இல் அது ஜூலை 8 நள்ளிரவு வரை இருந்தது. கிளிப்பர்ஸின் சென்டர் டிஆண்ட்ரே ஜோர்டன் டல்லாஸுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். பிறகு மனம் தடுமாறுகிறது என்று தெரிந்ததும் உரிமையாளர் ஸ்டீவ் பால்மர், பயிற்சியாளர் டாக் ரிவர்ஸ், சக வீரர்கள் கிறிஸ் பால், பிளேக் கிரிஃபின், ஜேஜே ரெடிக் எல்லோரும் ஹூஸ்டனில் அவர் வீட்டுக்கே போய்விட்டார்கள். கதவுக்கு நாற்காலி முட்டுக் கொடுத்து வைத்த படத்தைக் கிரிஃபின் ட்விட்டரில் போட்டார். கடிகாரம் நியூயார்க்கில் பன்னிரண்டைத் தாண்டும் வரை உட்கார்ந்திருந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். 4 ஆண்டு, சுமார் 8.8 கோடி டாலர். பலர் இதை வேடிக்கையாக நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, தாக்குதல் ஆட்டத்தில் தனக்குப் பங்கு இல்லை, சக வீரர்களோடு ஒத்துப்போகவில்லை என்ற அவருடைய குறையை அந்த வரவேற்பறையில் சம்பந்தப்பட்டவர்களே எதிரில் உட்கார்ந்து கேட்டார்கள் என்பது. அதை ஜூன் மாதமே கேட்டிருந்தால் விமானம் ஏற வேண்டியிருக்காது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: இப்போது குறைவாக வாங்கிக்கொள், பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்று ரகசியமாக எழுதிக் கொடுப்பது. மினசோட்டா ஜோ ஸ்மித்துக்கு அப்படிக் கொடுத்தது 2000இல் வெளியே வந்தபோது அப்போதைய லீக் தலைவர் டேவிட் ஸ்டெர்ன் 35 லட்சம் டாலர் அபராதமும் ஐந்து முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள் பறிப்பும் விதித்தார், பின்னர் இரண்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். போட்டி அணி நேரத்துக்கு முன்பே உங்கள் வீரரிடம் பேசினால் லீக் தண்டிக்கும்தான், டக்கர் விஷயத்தில் பிலடெல்ஃபியா இரண்டு இரண்டாம் சுற்று வாய்ப்புகளை இழந்தது. ஆனால் டக்கர் மயாமிக்குத் திரும்பவில்லை. அந்தத் தண்டனையை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

எப்போது விட வேண்டும்

எல்லோரையும் எப்பாடுபட்டாவது வைத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. பால் ஜார்ஜை நான்காவது ஆண்டு கொடுக்காமல் விட்ட கிளிப்பர்ஸ், அடுத்த சீசனில் 50 ஆட்டம் ஜெயித்தது. அவர் போன பிலடெல்ஃபியா 24 தான். அவர் ஆடியது 41 ஆட்டம். முதல் விலை தவறாக இருந்தாலும் கடைசிக் கோடு சரியாக இருந்தது என்றே நினைக்கிறேன். அந்தக் கோட்டை ஏலம் சூடாகும்போது போடக்கூடாது. பிப்ரவரியிலேயே ஒரு தாளில், எத்தனை ஆண்டு, எவ்வளவு தொகை என்று எழுதியிருக்க வேண்டும். எனக்குக் கேட்டால் தொகையில் தாராளமாக இருங்கள், ஆண்டில் கண்டிப்பாக இருங்கள். 34 வயதுக்காரருக்கு ஒரு வருஷத்தில் கூடுதலாகக் கொடுத்த பணம் அடுத்த கோடையில் தீர்ந்துவிடும், நான்காவது வருஷம் அணியின் தலையில் உட்கார்ந்திருக்கும்.

விட்டால் மரியாதையோடு விடுங்கள், கதவைச் சாத்தாதீர்கள். 2019இல் 33 வயது ஹார்ஃபர்டுக்கு பிலடெல்ஃபியா 4 ஆண்டு, 9.7 கோடி டாலர் உறுதியாகக் கொடுத்தது, பாஸ்டன் அந்த அளவுக்குப் போகவில்லை. ஒரே சீசனில் பிலடெல்ஃபியா அவரை டிராஃப்ட் வாய்ப்பு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்து ஓக்லஹோமாவுக்கு அனுப்பியது. 2021இல் பாஸ்டன் டிரேட் செய்து திரும்ப வாங்கியது. வேடும் 2018 பிப்ரவரியில் மயாமிக்குத் திரும்பி வந்து, 2018-19 என்ற தன் கடைசி சீசனை அங்கேயே ஆடினார்.

அப்படித் திரும்பி வருகிறவர்களுக்காக விதியில் ஒரு சின்ன வசதியும் இருக்கிறது. அனுபவ வீரரைக் குறைந்தபட்சச் சம்பளத்தில் ஒரு வருஷத்துக்கு எடுத்தால், எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் அணியின் கணக்கில் இரண்டு வருஷ அனுபவத்துக்கு உரிய தொகை மட்டுமே ஏறும், மீதியை லீக் கட்டும். 2024-25இல் பத்து வருஷத்துக்கு மேற்பட்டவர் சுமார் 33 லட்சம் டாலர் வாங்கினார், அணியின் கணக்கில் ஏறியது சுமார் 21 லட்சம். பெஞ்சின் கடைசி இரண்டு நாற்காலிகளுக்கு ஆள் தேடும் ஆகஸ்டில், உங்கள் பழைய வீரரின் எண்ணுக்குத்தான் முதலில் போன் போட வேண்டும்.